மடியில் கனமும் மடிக்கணினியும்

வாசகர் கேள்வி – பதில்

மடிக்கணினி, டெப்லெட், இணைய உலாவி ஆகியவை பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களை மேசையில் பரப்பிப் பார்த்தபோது, பெரும்பாலானவை “எது நல்லது?” என்றே தொடங்கியிருந்தன. “எத்தனை வருடம் தாங்கும்?” என்று கேட்டவர் ஒரேயொருவர். பால்மா பைக்கற்றைத் திருப்பிக் காலாவதித் திகதி பார்க்காமல் கடையை விட்டு வெளியேறாத நாம், அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் கருவிக்கும் அப்படியொரு திகதி உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். மென்பொருளின் ஓட்டைகளை அடைக்க நிறுவனம் அனுப்பும் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த நாளோடு நிற்கிறதோ அதுவே அந்தத் திகதி. கீழேயுள்ள பதில்களில் அது அடிக்கடி தலைகாட்டும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலைப் பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். சீட்டுக் காசு கையில் இருக்கிறது. டெப்லெட் ஒன்றே போதும் என்கிறார் என் தம்பி. மடிக்கணினிதான் வேண்டும் என்கிறாள் மகள். நகரில் ஒரு கடையில் புத்தம் புதிய சிறிய மடிக்கணினி ஒன்றையும், ஏறக்குறைய அதே விலைக்கு ஒருவர் பாவித்த மடிக்கணினி ஒன்றையும் காட்டினார்கள். எதை எடுப்பது? — ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: முதல் வழக்கில் தீர்ப்பு மகளுக்குச் சாதகமானது, ரீச்சர். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலைக்குப் போகும் பிள்ளை வாசிப்பதோடு நிற்கப் போவதில்லை. அடிக்குறிப்புகளோடு கட்டுரை எழுத வேண்டும், ஒரு பக்கத்தில் நூலைத் திறந்து வைத்து மறுபக்கத்தில் குறிப்பெடுக்க வேண்டும், கடைசி வருடத்தில் ஆய்வேடு ஒன்றையும் தட்டச்சுச் செய்ய வேண்டும். டெப்லெட் வாசிக்கவும் விரிவுரை கேட்கவும் மிக நல்லது. ஆனால் அதற்குத் தனியாக விசைப்பலகையும் உறையும் வாங்கிச் சேர்த்தால், விலை மடிக்கணினியை எட்டிப் பிடித்துவிடும். அப்பிள் நிறுவனம் 2019இல் ஐபேட்டுக்கு வெளியிட்ட ஐபேட் ஓஎஸ் 13 முதல், அதிலுள்ள சபாரி உலாவி இணையத்தளங்களைக் கணினியில் தெரிவது போலவே காட்டுகிறது என்பது உண்மைதான். இருந்தாலும் நூறு பக்க ஆய்வேட்டைக் கண்ணாடியில் விரலால் தட்டி முடிப்பது வேறு கதை.

இனி இரண்டாவது வழக்கு. புதிய சிறிய கணினியின் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த விலை வரிசையில் வருபவற்றில் பெரும்பாலும் 4 ஜிபி நினைவகமும் (ராம்), 64 ஜிபி அல்லது 128 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகமும் இருக்கும். வின்டோஸ் 11ஐ நிறுவுவதற்கு மைக்ரோசொப்ட் கேட்கும் ஆகக் குறைந்த அளவே 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பகமுந்தான். அது வாசற்படி, அங்கேயே பாய் விரித்துப் படுக்க முடியாது. உலாவியில் நாலைந்து பக்கங்களைத் திறந்து, பக்கத்தில் ஒரு கட்டுரையையும் திறந்து வைத்தால் 4 ஜிபி நிரம்பிவிடும். இஎம்எம்சி என்பது மலிவான கைப்பேசிகளில் உள்ள வகைச் சேமிப்பகம்; நல்ல மடிக்கணினிகளில் வரும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தின் வேகம் அதற்கு வராது. இவற்றுள் பல கணினிகளில் நினைவகத்தைத் தாய்ப்பலகையிலேயே ஒட்டிவிடுவதால் பின்னால் கூட்டவும் முடியாது.

ஆகவே 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் உள்ள, பாவித்த மடிக்கணினியை எடுப்பதே நல்லது என்பேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அதை நான் காசு கொடுத்துக் கற்றேன். சில வருடங்களுக்கு முன் நண்பரின் மகனுக்காக ஒரு கடையில் மடிக்கணினி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். உள்ளங்கை வைக்கும் இடத்தில் ‘கோர் ஐ5’ என்று இன்டெல் செயலியின் பெயரைச் சொல்லும் ஒட்டுத்தாள் மினுங்கியது, கடைக்காரரும் “ஐ5 சேர், ஐ5” என்று மூன்று தரம் சொன்னார், நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் அது ஐ5-3320எம். கோட்டுக் குறிக்குப் பின்னால் வரும் 3 என்ற இலக்கந்தான் தலைமுறை: மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்தது, இரண்டு கருக்கள் (கோர்) கொண்டது. அதே ‘ஐ5’ பெயரில் 2017இல் வந்த ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை, நான்கு கருக்கள் கொண்டது. இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் வின்டோஸ் 11 முறைப்படி ஏறும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். எனவே ஒட்டுத்தாளை விட்டுவிட்டு முழு இலக்கத்தையும் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

கடையில் நிற்கும்போதே இன்னும் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். பற்றரி அறிக்கை ஒன்றை வின்டோஸே எழுதிக் கொடுக்கும். “பற்றரி ரிப்போர்ட் எடுங்கள்” என்றால் தொழில் தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் எடுப்பார். அதில் வடிவமைத்த கொள்ளளவு, முழுச் சார்ஜில் கிடைக்கும் கொள்ளளவு என இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 50,000 என்றும் இரண்டாவது 24,000 என்றும் இருந்தால், பற்றரியில் பாதிக்கும் குறைவாகவே உயிர் இருக்கிறது. விலையில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள். வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து விசைப்பலகையின் ஒவ்வொரு விசையையும் மகளையே தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் கழித்து விட்ட கணினிகளில், கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அமைப்புக்குள் (பயாஸ்) பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் பூட்டு சில வேளைகளில் அப்படியே கிடக்கும். அது திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் காசை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கடைக் கணக்கையும் மொத்த வியாபாரிகளின் இணையத்தளங்களையும் 4 ஜிபி மடிக்கணினி ஒன்றில்தான் பார்க்கிறேன். குரோம் திறந்தால் விசிறி இரைகிறது, கணினி இறுகிப் போகிறது. எட்ஜ் நல்லது என்கிறார் ஒருவர், பயர்பொக்ஸ் என்கிறார் இன்னொருவர், பிரேவ் என்கிறார் மருமகன். உண்மையில் எது? — புடைவைக் கடை உரிமையாளர், காத்தான்குடி

பதில்: உங்கள் கடையில் ஒரே ஆலைத் துணிக்கு நான்கு பெயர் வைத்து விற்பது உங்களுக்குத் தெரியாததல்ல, நானா. குரோம், எட்ஜ், பிரேவ், ஓப்பரா ஆகிய நான்கும் அப்படித்தான்: உள்ளே ஓடுவது குரோமியம் என்ற ஒரே நெசவு. 2020 ஜனவரியில் மைக்ரோசொப்ட் தன் பழைய எட்ஜைக் கைவிட்டு இதற்கு மாறியது. கணினியில் பயர்பொக்ஸ் மட்டும் கெக்கோ என்ற வேறு இயந்திரத்தில் ஓடுகிறது. அப்பிளின் சபாரி வெப்கிட்டில் ஓடுகிறது. ஆகவே குரோமிலிருந்து எட்ஜுக்குப் போனால் மூச்சு முட்டுவது நின்றுவிடும் என்று நம்பி மாறினால் ஏமாற்றமே மிஞ்சும். நினைவகத்தைத் தின்பது திறந்து கிடக்கும் பக்கங்களும், அவற்றின் விளம்பரங்களும், நீங்கள் எப்போதோ உலாவியில் சேர்த்து மறந்துபோன நீட்சிகள் என்ற சிறு மென்பொருள்களுந்தான்.

முதலில் நீட்சிகளின் பட்டியலைத் திறந்து, எதற்கென்று உங்களுக்கே தெரியாதவற்றை நீக்குங்கள். அடுத்து, குரோமின் அமைப்புகளில் ‘மெமரி சேவர்’ என்பதை இயக்குங்கள். எட்ஜில் அதற்குத் தூங்கும் பக்கங்கள் என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. சிறிது நேரம் பார்க்காத பக்கத்தை இவை நினைவகத்திலிருந்து இறக்கிவிட்டு, நீங்கள் தொடும்போது மீண்டும் ஏற்றும்.

மூன்றாவது விளம்பரத் தடுப்பு, இந்த இடத்தில்தான் உலாவிகளுக்கிடையே உண்மையான வேறுபாடு தெரிகிறது. நீட்சிகள் இயங்கும் விதிகளைக் கூகுள் மாற்றியதனால், பலர் நம்பியிருந்த யூபிளொக் ஒரிஜின் என்ற நீட்சி குரோமில் செயலிழந்துவிட்டது. அதன் சுருங்கிய வடிவமான லைட் மட்டுமே அங்கே மிச்சம். பயர்பொக்ஸில் முழு வடிவம் இன்னும் வேலை செய்கிறது. பிரேவில் தடுப்பு உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. விளம்பரம் இறங்காவிட்டால் பக்கம் இலகுவாகும், டேட்டாவும் மிச்சமாகும். என் மேசையில் திறந்திருப்பது பயர்பொக்ஸ். வங்கித் தளமோ அரசாங்கப் படிவமோ அதில் முரண்டு பிடித்தால் எட்ஜைத் திறந்து வேலையை முடித்துவிட்டு மூடுவேன். இரண்டு உலாவி வைத்திருப்பது ஒன்றும் வீண்செலவல்ல. பயர்பொக்ஸ் கூகுளுக்கு எதிரான கோட்டை என்று யாராவது உங்களிடம் உணர்ச்சிவசப்பட்டால், அதைச் செய்யும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் தேடலை முதலில் வைப்பதற்காகக் கூகுளே கொடுப்பது என்பதையும் சொல்லி வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் இறுகினால், மடிக்கணினியின் அடிப்பலகையைத் திறக்கச் சொல்லி நினைவகம் கூட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பாவித்த 4 ஜிபி துண்டொன்று எந்த உலாவி மாற்றத்தையும் விட உதவும்.

கேள்வி: 2014இல் வாங்கிய மடிக்கணினியில் வின்டோஸ் 10 இருக்கிறது. ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வருகிறது. ஓய்வூதியத்தில் புதிது வாங்க இயலாது. வீசிவிடத்தான் வேண்டுமா? — ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம், ஐயா. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. அதனால் கணினி நின்றுவிடாது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடமாட்டா. வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடித்த புதுப்பிப்பை மைக்ரோசொப்ட் கொடுக்கிறது. மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்றால் உள்நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் அது இலவசம். அப்படிச் செய்ய விருப்பமில்லாதவர்கள் 30 டொலர் கட்டலாம். கணினியில் 22எச்2 என்ற பதிப்பு இருக்க வேண்டும். புதுப்பிப்புப் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு வரும். எட்ஜ் உலாவிக்கு மட்டும் வின்டோஸ் 10இல் குறைந்தது 2028 ஒக்டோபர் வரை புதுப்பிப்பு உண்டு என்றும் அறிவித்திருக்கிறார்கள். ஆனால் கதவு புதிதாக இருந்தாலும் சுவரில் ஓட்டை விழுந்தால் கள்ளன் வருவான்.

எனவே இந்த அவகாசத்தை, வின்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்குப் பழகிக்கொள்ளப் பயன்படுத்துங்கள். லினக்ஸ் மின்ட் என்பது இலவசம். 2 ஜிபி நினைவகத்திலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். பத்திரிகை வாசிப்பது, மின்னஞ்சல், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோடு காணொளியில் பேசுவது, லிப்ரே ஒபிஸில் கடிதம் எழுதுவது என உங்கள் கடிதத்தில் சொன்ன வேலைகள் எல்லாம் அதில் நடக்கும். நிரந்தரமாக நிறுவுவதற்கு முன் படங்களையும் கோப்புகளையும் வெளியே பிரதியெடுத்து வையுங்கள். நிறுவும்போது வட்டு துடைக்கப்படும்.

ஒரேயொரு செலவு செய்யச் சொல்வேன். 2014ஆம் வருடத்துக் கணினி என்றால் உள்ளே பெரும்பாலும் சுழலும் வட்டுத்தான் இருக்கும். காதை வைத்தால் கிர்ரென்ற ஒலி கேட்கிறதா? அதைக் கழற்றிவிட்டுச் சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் போடுங்கள். தேநீர் ஊற்றிக் குடித்து முடிக்கும் வரை திறக்காத கணினி, கோப்பையைக் கையில் எடுக்கும் முன் திறந்து நிற்கும்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடுதான். கைப்பேசி ஹொட்ஸ்பொட்டில் மடிக்கணினியை இணைத்தால் ஒரு பின்னேரத்தில் டேட்டா முடிந்துவிடுகிறது. ஓப்பரா மினி பாவித்தால் மிச்சமாகுமா? — சங்கச் செயலாளர், வாகரை

பதில்: கைப்பேசியில் வாசிப்பதற்கு மிச்சமாகும். ஓப்பரா மினி நீங்கள் கேட்கும் பக்கத்தை முதலில் ஓப்பராவின் சேவையகத்துக்கு எடுத்து, பிழிந்து சுருக்கி, அதன் பிறகே உங்களுக்கு அனுப்புகிறது. பிழிபவர் பாலைப் பார்க்காமல் பிழிய முடியாது. கடுமையான சுருக்க நிலையில் நீங்கள் பார்ப்பதும் தட்டுவதும் அந்தச் சேவையகத்தின் வழியாகவே போகின்றன. எனவே செய்தி வாசிக்க அதை வையுங்கள். சங்கத்தின் வங்கிக் கணக்கை அதில் திறக்காதீர்கள். குரோமிலும் முன்பு இதுபோன்ற லைட் நிலை ஒன்று இருந்தது, 2022இல் எடுத்துவிட்டார்கள். அதை இயக்கச் சொல்லும் பழைய காணொளிகளைப் பார்த்து மினக்கெட வேண்டாம்.

ஆனால் உங்கள் டேட்டாவைக் குடிப்பது உலாவியல்ல என்பதே என் சந்தேகம். ஹொட்ஸ்பொட்டை வின்டோஸ் வீட்டு வைபை என்று எண்ணிக்கொண்டு, நீங்கள் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும் நேரத்துக்குள் பின்னால் புதுப்பிப்புகளை இறக்கிக்கொண்டிருக்கும். வைபை பெயரை அழுத்தி, அதன் பண்புகளுக்குள் ‘மீற்றேர்ட் கனெக்‌ஷன்’ (அளவுள்ள இணைப்பு) என்பதை இயக்கிவிடுங்கள். ஒன்ட்ரைவ் போன்ற இணையச் சேமிப்பையும் நிறுத்தி வையுங்கள். புதுப்பிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதத்தில் ஒரு நாள் வாழைச்சேனைக்கோ நகருக்கோ போகும்போது, நல்ல இணைப்புள்ள இடத்தில் அதை முடித்துக்கொள்ளலாம், அல்லது உங்கள் பொதியில் இரவு டேட்டா இருந்தால் அதில் விடலாம்.

அண்ட்ரொயிட் கைப்பேசியில் பயர்பொக்ஸ் போட்டு அதற்குள்ளும் யூபிளொக் ஒரிஜினைச் சேர்க்கலாம். அண்ட்ரொயிட் குரோமில் நீட்சிக்கு இடமில்லை. மறுபடியும் பார்க்க வேண்டிய சுற்றறிக்கை, விலைப்பட்டியல் போன்றவற்றை, சிக்னல் கிடைக்கும்போதே இறக்கி வையுங்கள்.

கேள்வி: உம்மாவின் கைப்பேசியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ‘வைரஸ் பிடித்துவிட்டது’ என்று அறிவிப்பு வருகிறது. வைரஸ் ஒழிப்பு மென்பொருள் இரண்டு போட்டும் போகவில்லை. உலாவியை மாற்ற வேண்டுமா? — வாசகி, ஏறாவூர்

பதில்: உலாவியும் மாற வேண்டாம், போட்ட இரண்டு மென்பொருளையும் கழற்றிவிடுங்கள், தங்கச்சி. போன மாதம் இதே முறைப்பாட்டோடு பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வந்தார். திரையை மேலிருந்து இழுத்தேன். சிவப்பு முக்கோணத்தோடு ஏழு எச்சரிக்கைகள், ஒவ்வொன்றின் தலையிலும் மிகச் சிறிய எழுத்தில் ‘குரோம்’ என்றும் அதன் பக்கத்தில் வாயில் நுழையாத ஒரு தளத்தின் பெயரும். அவர் எங்கோ சமையல் குறிப்புத் தேடும்போது, “நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதியுங்கள்” என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. அவர் நேர்மையாக அனுமதித்திருக்கிறார். அந்த அனுமதி உண்மையில் அறிவிப்பு அனுப்புவதற்கான உரிமை. கைப்பேசியில் வைரஸ் எதுவும் இருக்கவில்லை.

எச்சரிக்கையைத் தட்டித் திறக்காமல், நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் அந்தத் தளத்தின் அறிவிப்பை நிறுத்தும் வழி வரும். அல்லது குரோமின் அமைப்புகளில் தள அமைப்புகளுக்குள் அறிவிப்புகள் என்ற பகுதிக்குப் போய், அனுமதிக்கப்பட்ட பட்டியலில் தெரியாத பெயர்களையெல்லாம் நீக்குங்கள். பட்டியலின் மேலேயே, இனி எந்தத் தளமும் கேட்காதபடி நிறுத்தும் ஆளியும் இருக்கிறது. உம்மாவுக்கு அதுவே நல்லது. அந்த அறிவிப்பை அழுத்தி வந்த பக்கத்தில் அட்டை இலக்கத்தையோ கடவுச்சொல்லையோ கொடுத்திருந்தால் மட்டும் வங்கிக்கு உடனே சொல்லுங்கள்.

கேள்வி: திணைக்களமொன்றிலிருந்து வரும் தமிழ்க் கடிதங்கள் கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளாகவும் அரைப்புள்ளிகளாகவும் தெரிகின்றன. எந்த உலாவியில் திறந்தாலும் அப்படித்தான். — கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், திருக்கோவில்

பதில்: அது பாமினி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த பழைய எழுத்துரு. எழுத்துரு இல்லாத கருவியில் உள்ளே இருக்கும் ஆங்கிலம் அம்மணமாகத் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி இடம் தரும் பொது முறையான யுனிகோடின் முதற் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. இன்றைய உலாவிகள் எல்லாம் அதைத்தான் வாசிக்கின்றன. எந்த உலாவிக்கும் இதில் குற்றமில்லை. பாமினியை யுனிகோடாக மாற்றும் பக்கங்கள் இணையத்தில் உண்டு, ஒட்டினால் மாற்றித் தரும். பயனாளிகளின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் உள்ள கடிதத்தை மட்டும் அங்கே ஒட்டாதீர்கள். அனுப்புபவரிடம் பிடிஎஃப் ஆக அனுப்பச் சொன்னால் எழுத்துருவும் சேர்ந்து வரும். வாசிக்கலாம், ஆனால் பிரதியெடுத்து ஒட்டினால் மறுபடியும் அதே குப்பைதான். நீங்கள் எழுதும் பதிலையாவது யுனிகோடில் எழுதுங்கள்; வின்டோஸ் 11இல் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது.

கேள்வி: வீடு கடலுக்குப் பக்கத்தில். இரண்டு வருடத்துக்குள் இரண்டு மடிக்கணினி பழுதாகிவிட்டன. இடி மின்னலும் ஒரு காரணமா? எந்த நிறுவனத்தின் கணினி உப்புக் காற்றைத் தாங்கும்? — தையல் நிலைய உரிமையாளர், கல்லடி

பதில்: சாதாரண மடிக்கணினிகளில் உப்புக் காற்றைத் தாங்குவதற்கென்று எந்த நிறுவனமும் செய்வதில்லை, அக்கா. கல்லடியிலிருந்தே திருத்த வந்த ஒன்றை என் கண் முன்னால் திறந்தார்கள்: சார்ஜர் செருகும் துளையைச் சுற்றிப் பாசி போலப் பச்சைத் தூள், விசிறியின் இறகுகளில் ஈரமான சாம்பல் நிறப் படை. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும். செம்புத் தொடுகைகள் அதில் அரிக்கப்பட்டுப் பச்சை பூக்கும். கடற்பக்க யன்னலோரத்தில் கணினியை வைக்காதீர்கள். பாவிக்காமல் மாதக்கணக்கில் வைப்பதைவிட நாளாந்தம் சிறிது நேரம் ஓட விடுவது நல்லது, அந்தச் சூடு ஈரத்தை விரட்டும். இரவில் மூடிய பையில், சப்பாத்துப் பெட்டிகளோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றோடு வையுங்கள். அரிசி மூட்டைக்குள் வைக்கச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். தூசி உள்ளே போகும், சோற்றுக்கும் கேடு.

மின்னலைப் பொறுத்தவரை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் மேற்கே கறுத்தால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ரவுட்டருக்கு வரும் தொலைபேசிக் கம்பியையும் மறக்காமல் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும். மடிக்கணினியின் உலோக உடலைத் தொட்டால் விரல் நுனியில் சுரீரென்கிறதா? புவியிணைப்பு இல்லை என்பதற்கு அது அடையாளம். மூன்று முனைச் செருகியின் நடு முனையை வெட்டிவிட்டுப் பாவிப்பவர்களின் வீட்டில் இது சாதாரணம். மின்னியலாளரைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு உப மின்நிலையத்துக்குள் பாய்ந்து நாடு முழுவதும் இருண்டபோது, மடிக்கணினி வைத்திருந்தவர்கள் பற்றரியில் வேலை செய்தார்கள். ரவுட்டர் செத்துவிட்டதால் இணையந்தான் இருக்கவில்லை. ரவுட்டருக்கென்று உள்ளங்கை அளவில் 12 வோல்ட் யுபிஎஸ் கிடைக்கிறது. கணினிக்குப் பெரிய யுபிஎஸ் வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள்.

கேள்வி: வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் போகும்போது சிம் போடும் டெப்லெட் ஒன்றைப் பரிசாகத் தந்தார். வைபையில் ஓடுகிறது, இங்குள்ள சிம் வேலை செய்யவில்லை. — விருந்தினர் விடுதிப் பணியாளர், பொத்துவில்

பதில்: தம்பி, சிம் பாவிக்கும் கருவிகள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இருக்க வேண்டும், 2025 ஜனவரி 28 முதல் பதிவில்லாத புதிய கருவிகளை வலையமைப்புகளில் இணைப்பது கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. டெப்லெட்டின் அமைப்புகளில் கருவியின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து, ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் நிலைமை தெரியும். கடையில் வாங்கும் முன்பும் இதைச் செய்யலாம். பதிவாகும் வரை கைப்பேசி ஹொட்ஸ்பொட்டில் ஓடட்டும். அண்ட்ரொயிட் டெப்லெட் என்றால், கடைசியாகக் கிடைத்த பாதுகாப்புப் புதுப்பிப்பின் திகதியையும் அங்கேயே பாருங்கள். அது இரண்டு, மூன்று வருடப் பழையது என்றால் படம் பார்க்க வையுங்கள். வங்கிச் செயலியைப் போடாதீர்கள்.

கேள்வி: வீட்டில் கணினி இல்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் போட்டோ கொப்பிக் கடையில்தான் நிரப்பினேன். இன்கொக்னிட்டோவில் திறந்தால் பாதுகாப்பா? — மாணவி, சம்மாந்துறை

பதில்: பாதிப் பாதுகாப்பு, மகள். இன்கொக்னிட்டோ என்ற அந்தத் தனிச் சாளரத்தை மூடியதும் நீங்கள் பார்த்த பக்கங்களின் வரலாறும் உள்நுழைவும் அந்தக் கணினியிலிருந்து போய்விடும். பொதுக் கணினிக்கு அது பொருத்தமான கருவிதான். இணைய இணைப்பைத் தரும் நிறுவனத்துக்கும், நீங்கள் போன தளத்துக்கும் அது எதையும் மறைக்காது. கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று எந்த உலாவி கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இறக்கிய கோப்புகள் மட்டும் இன்கொக்னிட்டோவை மூடினாலும் போகா. ஒரு கடையில் என் பென் டிரைவிலிருந்து அச்செடுக்கக் காத்திருந்தபோது திரையில் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறை திறந்து கிடந்தது: யார் யாருடையதோ அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்றுத் தாள், ஒரு கலியாண அழைப்பிதழும்கூட. வேலை முடிந்ததும் அந்தக் கோப்புறையைத் திறந்து உங்களுடையவற்றை அழியுங்கள். பிறகு குப்பைக் கூடையையும் காலி செய்துவிட்டு எழும்புங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் இன்னொரு கொப்பிக்குக் காசு கொடுங்கள், பொறுப்பார்.